என்ன விசேஷத்துக்கு?

ஓசூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவது என் வேலை. பில்லுக்கு முன்னால் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும்: பெயர், ஊர், போன் நம்பர், என்ன விசேஷத்துக்குத் துணி எடுக்கிறார்கள். பரிசுக் குலுக்கலுக்கு என்று சொல்வோம். குலுக்கல் நடந்து நான் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் ஒருவர் வருவார். முதலாளி எல்லா விவரத்தையும் அவருக்கு விற்றுவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கேயும் புளுக மாட்டேன்.

நிறையச் சீட்டு நிரப்புகிறவருக்குக் கடையில் பரிசு உண்டு. போன வருஷம் எனக்குத்தான் எவர்சில்வர் டிபன் கேரியர். தமிழில் பிடி கொடுக்காதவர்களிடம் தெலுங்கில் பேசுவேன், அதற்கும் அசையாவிட்டால் கன்னடம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அடுத்த வீட்டுக்காரியையும் அப்படித்தான் மடக்கினேன். சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. மகளுக்குப் பட்டுப் பாவாடை, தாவணி எடுத்திருந்தாள். என்ன விசேஷம் என்றதற்கு, "சும்மாதாங்க்கா" என்றாள்.

"சும்மா யாராச்சும் பட்டு எடுப்பாங்களா? எங்கிட்டயே மறைக்கிறியா?" என்று சீண்டினேன்.

சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "பாப்பா பெரிய மனுசி ஆயிட்டாக்கா. எங்கம்மா ஊர்ல வச்சு, சொந்தத்துக்குள்ளயே தண்ணி ஊத்தறோம். அவ ரொம்பக் கூச்சப்படறா, வெளிய சொல்லாதீங்க."

வெளியே சொல்லவில்லை. சீட்டில் எழுதினேன்: மஞ்சள் நீராட்டு.

அந்த வீட்டுக்கு ஒரே போன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், அம்மா ஷிப்டில் இருக்கும்போது அது மகளிடம் இருக்கும். டியூஷனில் பையன்களும் பெண்களுமாக அந்தப் போனில் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்திருக்கிறது. ஸ்பீக்கரில், ஏதோ நகைக்கடையிலிருந்து ஒரு பெண் குரல்: "உங்க பொண்ணு வயசுக்கு வந்ததுக்கு வாழ்த்துக்கள் மேடம். கல்யாண நகைக்கு இப்பவே எங்க நகைச் சீட்டுல சேர்ந்துடலாம்."

பையன்கள் சிரித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா கெஞ்சுவது எங்கள் வீட்டுச் சுவர் வழியாகவே கேட்கும்.

ஒருநாள் என்னிடம் வந்து அழுதாள். "எங்க நாத்தனாதாங்க்கா சொல்லியிருக்கணும். அவளுக்கு வாய் நீளம்."

"இருக்கும்" என்றேன் நான். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நாத்தனார் வீட்டோடு பேச்சு நின்றுபோனது. ஒரு மாதம் கழித்து, டீச்சர் வீட்டுக்கே வந்து பேசிய பிறகு, மகள் பள்ளிக்குப் போனாள். டியூஷனை விட்டது விட்டதுதான்.

போன வாரம் அவள் அம்மா எங்கள் கடைக்கு வந்தாள். சீட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே எழுதிக்கங்க்கா. இப்பல்லாம் உங்களத் தவிர யாருகிட்டயும் நான் எதுவும் சொல்றதில்ல."

நம்பர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். நாத்தனார் இல்லை, நான்தான் என்று சொல்ல, மூன்று பாஷை பேசும் இந்த வாய்க்கு அன்றும் வரவில்லை.