சைனைட் மேட்டு மணலில் வளர்ந்த கீரை

இன்னைக்குக் காலையில எங்க தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துல ரயில் ஏறும்போது என் பையில ஆறு கட்டு சிறுகீரை இருந்தது. மாடித் தொட்டியில நானே வளர்த்தது. பெங்களூர் வேலைக்குப் போற எங்க பெட்டி ஆளுங்களுக்கு வாராவாரம் கொடுப்பேன்.

பங்காருபேட்டையில ஏறுற டீச்சர் ஒரு கட்டை வாங்கிக்கிட்டு, "எங்க வீட்டுல வேர் அழுகிடுது. நீங்க என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாங்க.

பெருமையா சொன்னேன். "சைனைட் மேட்டு மணல் ரெண்டு சட்டி கலந்துடுங்க. தண்ணி நிக்கவே நிக்காது."

டீச்சர் அந்தக் கட்டை மெதுவா என் மடியில வச்சாங்க.

"பேருதான் அப்படி டீச்சர். சுரங்கத்துக்காரங்க சயனைடு போட்டுத் தங்கம் எடுத்துட்டுக் கொட்டுன மண்ணு. சின்ன வயசுல அதுமேல சறுக்கி விளையாடினவங்க நாங்க."

"விளையாடினீங்க. சாப்பிட்டீங்களா?"

பக்கத்துல இருந்த, சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்ல ஏறுற ஸ்டெல்லாக்கா சிரிச்சாங்க. "காத்தடிச்சா வாய்க்குள்ள அதானேம்மா வருது. மாசமா இருக்கிற என் பொண்ணுக்குப் போன வாரம் இந்தக் கீரையத்தான் கடைஞ்சு போட்டேன்."

டீச்சர் வச்ச கட்டையும் ஸ்டெல்லாக்கா பைக்குள்ள போயிடுச்சு.

ஆபீஸ்ல வேலை ஓடலை. மூணு தடவை போனை எடுத்து எடுத்து வச்சேன். நாலாவது தடவை ஸ்டெல்லாக்காவைக் கூப்பிட்டு, "சமைக்காதீங்கக்கா"ன்னு சொல்லிட்டேன்.

"சரி, இதைக் கொட்டிடறேன். போன வாரம் தின்னதை இன்னா பண்றது?"

தொட்டி மண்ணை எங்க கொட்டலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. எடுத்த இடத்துலயே கொட்டச் சொல்லாதீங்க. அந்த மேடு எங்க மாடிக்கு நேர் எதிர்லதான் இருக்கு.