படிக்கட்டில் திரும்பாத சப்பரம்

ஒரு மே மாதம், லிஸ்பனிலிருந்து வந்த புது மருமகள் ஒருத்தி எங்கள் பைவா ஆற்றின் தொங்குபாலத்தில் பாதி வழியில் நின்றுவிட்டாள். கீழே பார்த்திருக்கிறாள், அதற்குமேல் கால் வரவில்லை. மாமியாரும் நாத்தனார்களும் அக்கரை சேர்ந்து, திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் ஓட்டிலியாக்கா கையில் சுத்தியலோடு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். பெண்ணுக்கு நேர் முன்னால் பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, கல் உறுத்துகிறது என்று உதறினாள். வெகுநேரம் உதறினாள். அக்கரையில் நின்றவர்களிடம், என்னால்தான் உங்கள் பெண்ணுக்கு வழி அடைபட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று குரல் கொடுத்தாள். பிறகு தன் சுத்தியலை அவள் கையில் கொடுத்து, இதைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வாம்மா, எனக்கு முட்டி சரியில்லை என்று சொல்லி, வந்த வழியே திரும்பி நடந்தாள். சுத்தியலைக் கீழே போடக் கூடாதே என்கிற கவலையில் அந்தப் பெண் பாலத்தைத் தாண்டிவிட்டாள். பூட்ஸில் கல் ஒன்றும் இல்லை. சோளரொட்டிக் கூடையோடு பின்னால் நின்ற நான் பார்த்தேன். அக்காவுக்கு முட்டிவலியும் கிடையாது.

அக்கா பிறந்ததே அந்தப் பள்ளத்தாக்கின் அடியில்தான். ஆற்றுத் தண்ணீரில் ஓடும் மாவு ஆலை ஒன்று அவள் அப்பாவுக்கு இருந்தது. அதனால் அவர்கள் குடும்பத்துக்கு ஆலைவீடு என்று பேர். ஆலையை வெள்ளம் கொண்டுபோய் எத்தனையோ வருஷம் ஆகியும் பேர் போகவில்லை. ஆற்றோரம் இப்போதிருக்கிற மரப்பலகைப் பாதையெல்லாம் அப்போது ஏது? ஏழு வயதில் அப்பாவுக்குத் தூக்குவாளியில் கீரை சூப்பு எடுத்துக்கொண்டு பாறைக்குப் பாறை தாவிப் போவாளாம். சூப்பு சிந்தினால் அடி விழும், தான் விழுந்தால் அடி கிடையாது என்று சொல்லிச் சிரிப்பாள்.

பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போய், லியோன் நகரத்தில் இருபத்தாறு வருஷம் ஆபீஸ் மாடிப்படிகளைத் துடைத்தாள். புருஷன் அங்கே காலமானார். மகளை அங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, தச்சு வேலை செய்யும் தம்பி அமாந்தியுவோடு இருந்தாள். ஆற்றோரம் எட்டுக் கிலோமீட்டருக்குப் பலகைப் பாதை போட்டபோது, தினமும் பார்வையாளர்களுக்கு வாசல் திறக்கும் முன்னால் அதை நடந்து பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. தளர்ந்த பலகையை முடுக்க வேண்டும், விழுந்த கல்லைத் தள்ள வேண்டும். அக்காவைத்தான் எடுத்தார்கள். தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி பலகையைச் சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பாள்.

"பிரான்சுல படியைத் துடைச்சேன், இங்க படியைத் தட்டறேன். என் தலையில ஆண்டவர் படியைத் தவிர வேற ஒண்ணும் எழுதலை எர்மீனியா" என்பாள் என்னிடம்.

கீழ்வாசலில் எனக்கு ரொட்டிக்கடை. கோயிலில் மாதா சொரூபத்துக்கு உடை மாற்றி அலங்காரம் செய்வதும் நான்தான். அம்மா செய்தாள், அவளுக்குப் பிறகு நான். அந்த ஒரு கையைத் தவிர வேறு கை சொரூபத்தில் படக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு.

ஒரு பிப்ரவரியில் அமாந்தியுவுக்கு மாரடைப்பு வந்தது. போர்த்தோவில் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா ஒரு பொருத்தனை செய்துவிட்டாள். தம்பி பிழைத்து வந்தால், செப்டம்பர் திருவிழாவில் மாதா வண்டியில் ஏறாமல், அந்தக் காலத்தைப் போல ஆற்றோரமாகவே, சுமக்கும் உரிமையுள்ள எட்டு வீட்டுத் தோளிலும் ஏறிக் கெபிக்குப் போக வேண்டும்.

மாதாவின் குகைக்கோயிலான அந்தக் கெபி, பாதையின் மறுகோடியில், மணல்கரையில் இருக்கிறது. தார்ரோடு வந்ததிலிருந்து மாதா ரோடு வழியாக டிராக்டரில்தான் போய்வந்தாள். அமாந்தியு பிழைத்து வந்தான். அக்காவுக்கு அப்புறம்தான் தூக்கம் போயிற்று. சொன்ன வாக்கை நிறைவேற்றாமல் விட்டால் தம்பிக்குக் கிடைத்த ஆயுளை மாதா திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தாள். நம் தாய் அப்படிக் கணக்குப் பார்க்கிறவள் இல்லை என்று நான் சொன்னேன். ஆனாலும் எனக்கும் அதில் முழு நம்பிக்கை இல்லை.

கோயில் சாமியார் சம்மதித்தார். பாதை ஆபீசிலும், காலையில் வாசல் திறக்கும் முன் போய்ச் சேர்ந்துவிடுவதென்றால் சரி என்றார்கள். அமாந்தியு நன்றிக்காகப் புதுச் சப்பரம் செய்தான். கீழ்வாசலில் பாதையின் அகலத்தை மூன்று தரம் அளந்து, கைப்பிடியில் இடிக்காமல் செய்தான். சுமக்கும் கழிகளை மட்டும் பழைய நீளத்திலேயே வைத்தான். வைக்காமல் எப்படி? ஒரு கழிக்கு நாலு பேர், இரண்டு கழிக்கு எட்டுப் பேர். எட்டும் எட்டு வீட்டின் பரம்பரை இடம். ஒரு முழம் குறைத்தால் இரண்டு வீடு வெளியே நிற்கும், பொருத்தனையும் கெடும். ஆலைவீட்டு இடம் அமாந்தியுவுடையது. அவன் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அந்த இடத்தில் அக்காவே தோள் கொடுப்பதாக முடிவானது. பொம்பளை சுமப்பதா என்று மேட்டுவீட்டு புல்ஜென்சியு மட்டும் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

திருவிழா அன்று விடியலில் கிளம்பினோம். ஆறு கூடவே இரைந்துகொண்டு வந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டு பெண்கள் பின்னால் நடந்தோம். சமதளம் முடியும் வரை மாதா தண்ணீரில் மிதப்பது போலப் போனாள். அப்புறம் படிக்கட்டு வந்தது. பாறைச் சுவரை ஒட்டி மடிந்து மடிந்து ஏறும் படிக்கட்டு. முதல் மடிப்பில் சப்பரம் நின்றது. கழியின் முன்நுனி பாறையில் இடித்தது, பின்நுனி கைப்பிடியில் மாட்டியது. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். கழி திரும்புவதாக இல்லை.

அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. டாக்டர் படியேற வேண்டாம் என்றதால் அமாந்தியு சமதளத்தில் மட்டும் அளந்திருக்கிறான். தினமும் அந்தப் படியில் ஏறி இறங்குகிற அக்காவுக்கும் தோன்றவில்லை. அவள் தனியாகத் திரும்புகிறவள்தானே. அமாந்தியுவோ காரில் முன்னாடியே கெபிக்குப் போய், மாதாவை வரவேற்க மணியடிக்கக் காத்திருந்தான்.

ஆண்கள் சண்டையை ஆரம்பித்தார்கள். கழியை வெட்டலாம் என்றார் புல்ஜென்சியு. அவர் இடம் சப்பரத்தை ஒட்டி, வெட்டினாலும் போகாது. கழி நுனியில் நின்ற அத்திமரத்து வீட்டு பல்தசாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"முதல்ல உன் மூக்கை வெட்டு, அதுதான் பாறையில இடிக்குது" என்றார்.

பின்னால் நின்ற பெண்கள் மங்கள வார்த்தை ஜெபத்தை நடுவிலேயே விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சாமியாரும் திரும்பி ஆற்றைப் பார்த்தார். திரும்பிப்போய் டிராக்டரில் ஏற்றிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். வாசல் திறக்க ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அக்கா கழியை விடாமல் நின்றாள். சிரிக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. தம்பி பேரைச் சொல்லி மன்றாடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு நிமிர்ந்து, சாமியாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"கழியை வெட்ட வேணாம். நீ சப்பரத்துலேர்ந்து அம்மாவை இறக்கு எர்மீனியா. படி அடுக்குக்கு ஒரு வீடாத் தோள்ல தூக்கிட்டுப் போகட்டும்."

என் அம்மா காலத்திலும் வேறு ஒரு கை பட்டதில்லை. சாமியாரைப் பார்த்தேன். அது உங்கள் பொறுப்பு, நான் தலையிட மாட்டேன் என்பதுபோல அவர் இன்னும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சொரூபம் ஒரு வயதுப் பிள்ளை உயரம்தான். தூக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ள யார் அனுமதி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு கிரீடத்தைக் கழற்றி என் பையில் வைத்தேன். பீடத்துத் திருகாணியைத் தளர்த்தி மாதாவை எடுத்து, பக்கத்தில் நின்ற பல்தசார் தோளில் சாய்த்தேன்.

அந்த மனுஷர் ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி ஏறினார். ஒரு அடுக்குப் படி ஏறினதும் அடுத்த வீடு வாங்கிக்கொண்டது. புல்ஜென்சியு முறை வந்தபோது, முதுகை ஒரு கையால் அணைத்து, பேரனைத் தூங்கவைக்கிற மாதிரி லேசாகத் தட்டிக்கொண்டே ஏறினார். அவருடைய அடுக்கில் இரண்டு படி அதிகம் என்று பல்தசார் பின்னாலிருந்து எண்ணிச் சொன்னார். சப்பரத்தைத் தனித்தனியாகக் கழற்றி, கழியைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வந்தார்கள்.

எட்டாவது அடுக்கு அக்காவுக்கு. வாங்கிக்கொண்டு முதல் படியில் கொஞ்சம் நின்றாள். மாதாவின் காதில் என்னவோ சொன்னாள். பிறகு ஏறினாள், ஒரே மூச்சில், பலகை எதையும் தட்டிப் பார்க்காமல்.

மேலே சமதளத்தில் சப்பரத்தை மறுபடி பூட்டி, நேராக இறங்கும் சரிவில் கெபிவரை கழியில்தான் போனோம். வாசல் திறக்கும் முன்னாலேயே அமாந்தியு அடித்த மணி கேட்டது. விஷயம் தெரிந்ததும் அவன் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்டா, அகலத்தை மூணு தரம் அளந்தியே, நம்ம அம்மா என்ன ரயில்லயா போறா, நேராவே போக?" என்று அக்கா கேட்டாள். பிறகு அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள், பலகைக்கு வைப்பது போலவே. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியதாக மறுநாள் சொன்னாள். தோள் எட்டும் சரியாகப் போயிற்றாம், கடன் மிச்சமில்லையாம்.

அடுத்த மூன்று திருவிழாவும் அப்படியே நடந்தது. இப்போது எட்டு வீட்டாரும் சண்டை போடுவது கழிக்காக இல்லை, எந்த அடுக்கு யாருக்கு என்றுதான்.

போன வருஷம் லியோனில் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அக்கா வேலையை விட்டுவிட்டு, அங்கேயே இருந்துவிடுவதென்று கிளம்பினாள். பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு சோளரொட்டியும் கொஞ்சம் பஞ்சு கேக்கும் கட்டிக்கொண்டு போனேன். சுத்தியலை அமாந்தியுவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். புதுக் கழி போடப்போவதாகவும், இந்தத் தடவை படிக்கட்டை ஆள் விட்டு அளந்துகொண்டதாகவும் அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு பெட்டியை ஏற்றினான். பஸ் உறுமியது. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"அவனைக் குட்டைக் கழி போட விட்டுடாத எர்மீனியா. படியில சப்பரம் திரும்புற மாதிரி பண்ணிட்டா, அப்புறம் அம்மா எதுக்கு இறங்கி நம்ம தோளுக்கு வரப்போறா?"