படுத்த பொட்டிக்குப் புது மூளை

ரோசியைப் பார்த்து யாராவது “ஐயோ பாவம்” என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. அதற்காகப் பாவமா? காசிமேட்டில் அவள் ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் போய் ஒரு தடவை வம்பு பண்ணிப் பார்க்கட்டும். இரண்டு கையாலும் அவள் திட்டுகிற திட்டில், வாய் இருக்கிறவர்கள் எல்லாம் இடத்தைக் காலி பண்ணிவிடுவார்கள். பாளம் பாளமாக வரும் ஐஸைக் கட்டையால் உடைத்து மீன் பெட்டிகளில் அள்ளிக் கொட்டுவது அவள் வேலை. விடியலில் போனால் மதியம் திரும்புவாள். விரல் நுனிகள் வெளுத்து விறைத்திருக்கும். அவற்றை ஊதிக்கொண்டேதான் தெருவுக்குள் வருவாள்.

அந்த ஊதலில்தான் அவள் பெயர் இருக்கிறது. அவள் தம்பி அருளப்பனுக்கும் காது கேட்காது. ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படி அமைந்ததால், சின்ன வயதிலேயே கையால் ஒரு பாஷையை அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்தது இல்லை. எங்கள் தெருவைத் தாண்டினால் யாருக்கும் அது புரியாது. அடுத்த வீட்டில் வளர்ந்ததால் எனக்குப் பாதி தெரியும். ரோசி ஐஸ் வேலைக்குப் போன புதிதில் அருளப்பன் அவளுக்கு ஒரு பெயர் வைத்தான். இடது உள்ளங்கையில் வலது முஷ்டியால் இரண்டு குத்து. பிறகு விரல் நுனிகளை உதட்டருகே கொண்டுபோய் ஒரு ஊதல். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவள் கேட்டதே இல்லை. இதுதான் அவளுக்குத் தெரிந்த பெயர்.

அந்தத் தம்பி வேலைக்காக பஹ்ரைனுக்குப் போனான். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்க வராது. போன் இருந்து என்ன பயன்? அவன் போன பிறகு அவள் பெயரைச் சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று. நான்கூடத் தோளைத் தட்டித்தான் கூப்பிடுவேன்.

2005-ஆம் வருஷம், ஒரு நாள் எங்கள் கடை போனுக்கு பஹ்ரைனிலிருந்து அழைப்பு வந்தது. அருளப்பனோடு வேலை செய்யும் கடலூர்க்காரர் ஒருவர் பேசினார்.

“அருளுக்கு மெஷின்ல கை மாட்டிக்கிச்சுங்க. சின்ன அடிதான். அக்காகிட்ட பயப்பட வேணாம்னு சொல்லிடுங்க.”

நான் அப்படியே ரோசிக்குக் கையால் சொன்னேன். ‘சின்ன அடி’ என்றதும் அவள் என் கையைத் தட்டிவிட்டாள். எந்தக் கை? எத்தனை விரல்? எனக்கு எங்கே தெரியும்? மற்றவர்களுக்கு ஒரு விரல் போனால் ஒரு விரல்தான் போகும். அருளப்பனுக்கு அது நாக்கு. அவள் அழவில்லை. தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவனை நேரில் பார்க்க வேண்டும், அவன் கை அசைவதைக் கண்ணால் காண வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் மஜீதும் நானும் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தோம். எல்லாமே, மூடிப்போன ஒரு கப்பல் கம்பெனி ஆபீசிலிருந்து எடுத்த பழைய கம்ப்யூட்டர்கள். நிற்கிற சாதி இல்லை. மானிட்டருக்கு அடியில் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். அதனால் எங்கள் கடையில் அவற்றுக்குப் ‘படுத்த பொட்டி’ என்று பெயர். அப்போதுதான் பிராட்பேண்ட் கனெக்‌ஷனும் ஒரு வெப்கேமராவும் வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. ஜும்மா முடிந்து கடையைத் திறந்ததும், கடலூர்க்காரர் அங்கே ஒரு கடையில் அருளப்பனை உட்கார வைத்தார். இங்கே நாங்கள் ரோசியை உட்கார வைத்தோம்.

தம்பி முகம் வந்தது. ரோசி சிரித்தாள். திரையில் அவன் முகம் அப்படியே உறைந்தது. அடுத்து அசைந்தபோது அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் என்னவோ சொன்னான், அது கட்டம் கட்டமாகக் கலைந்து போயிற்று. வலது கையைக் காட்டு என்று இவள் கேட்டாள். அவன் காட்டினானோ இல்லையோ, திரையில் வெறும் தீற்றல்தான். தெளிந்தபோது கை கீழே இறங்கியிருந்தது. பேசுகிறவர்களுக்குக் குரல் வந்தால் போதும், படம் எப்படிப் போனால் என்ன? இவர்களுக்குப் படம்தான் பேச்சு. ரோசி என்னைப் பார்த்தாள். ‘நீ பார்த்தாயா?’ நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பொட்டியைக் காட்டினாள். அழுகிய மீனுக்கு அவர்கள் வைத்திருக்கும் சைகை அது.

“லைன்ல கோளாறு இல்லமே,” என்றார் மஜீது. “படம் வந்துகினுதான் கீது. பிரிச்சுக் காட்டத்தான் இத்தால முடியல. மீன் லோடோட வந்து நிக்குது படகு, எறக்கி வெக்கறதுக்கு ஒரே ஒரு கெயவன். இன்னா பண்ணுவான்? மூளைய, அதான் பிராசசர, மாத்தணும்.”

அதை ரோசிக்கும் சொல்லிவிடலாம் என்று பொட்டியைக் காட்டி, தன் தலையைத் தொட்டு, கையைத் திருகிக் காட்டினார். அவர்கள் பாஷையில் அதற்குப் பைத்தியம் என்று அர்த்தம். ரோசி எழுந்து நின்று அவரைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது. நான் நடுவில் புகுந்து விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நல்ல சிஸ்டம் உள்ள கடைகளுக்கும் அவளை அழைத்துப் போனேன். கேமரா இருந்த ஒரே கடைக்காரன் மீன் நாற்றம் என்று வாசலிலேயே நிறுத்தினான். அவன் கடை நாசமாகப் போக என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். அதற்குப் பிறகு மஜீது, கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு நாள் அலைந்தார். எல்லா மூளையும் எல்லாப் பொட்டிக்கும் பொருந்தாதாம். எங்கள் பொட்டி ஏற்றுக்கொள்ளும் வகையில் உச்சமானது எதுவோ, அதைப் பழைய சாமான் கடையொன்றில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

காகிதத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். பச்சை நிறத்தில் ஒரு சதுரத் தகடு. அடியில் முழுக்கப் பொன்னிற ஊசிக்கால்கள். நடுவே என் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கருநீலமாக ஒரு சில்லு.

“இதானா?” என்றேன்.

“இதேதான். இத்துனூண்டுக்குள்ள கோடிக்கணக்குல சுச்சு கீதாம். ஒரு செகண்டுக்கு நூறு கோடி வாட்டி துடிக்குமாம்.”

நூறு கோடி. நம் நாட்டில் உள்ள அத்தனை ஜனமும் ஒரே நொடிக்குள் ஆளுக்கொரு கை தட்டுவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளங்கையில் அதற்குக் கனமே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாகக்கூட இருந்தது. ரோசி அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் உதட்டைக் குவித்தாள்.

“யக்கோவ், ஊதிடாத!” என்று மஜீது பிடுங்கிக்கொண்டார்.

மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னக் கொக்கியைத் தூக்கி, பழையதை எடுத்தார். பிஸ்மில்லா சொல்லிப் புதியதை வைத்தார். அழுத்தவே இல்லை, அது தானாகப் போய் உட்கார்ந்தது. மேலே வெள்ளைப் பசையைத் தொட்டு வைத்து, அலுமினியக் கட்டையையும் குட்டி ஃபேனையும் மாட்டி மூடினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அருளப்பன் திரையில் வந்தான். இடது கையைத் தூக்கினான். கை தூக்கியது தூக்கியபடி முழுசாகத் தெரிந்தது, தடங்கலே இல்லை! ‘சாப்பிட்டாயா?’ என்று அவன் கேட்டதை நானே படித்தேன். ரோசி நாற்காலி நுனிக்கு வந்தாள். வலது கை என்று கேட்டாள். அவன் தயங்கினான். தோள் அசைந்தது. கை மேலே வரத் தொடங்கியது. பொசுக்கென்று பொட்டி அணைந்தது.

“சூடாயிடுச்சு,” என்றார் மஜீது. “சின்ன பொட்டி, பெரிய மூளை. உள்ள காத்து பத்தல.”

ரோசி மூடிமேல் கை வைத்துப் பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே ஓடினாள். காசிமேட்டுக்காரர்களுக்கு எது சூடானாலும் ஒரே வைத்தியம்தான். மீனோ, காய்ச்சலோ, வீங்கின முட்டியோ, ஐஸ். பாலிதீன் பை நிறைய உடைத்த ஐஸைக் கொண்டுவந்து பொட்டியின் தலையில் தொப்பென்று வைத்தாள். பை எங்கேயோ ஓட்டை. தண்ணீர் மூடிமேல் ஓடி ஓரத்துக்கு இறங்கியது. “அடியேய்!” என்று நான் கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்பதே மறந்துவிட்டது.

மஜீது பிளக்கைப் பிடுங்கி, தோள் துண்டால் துடைத்து, மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு துளி இறங்கி, ஓரத்திலேயே நின்றிருந்தது. “அல்லா காப்பாத்துனான்,” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூடியை மாட்டாமலேயே விட்டு, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நேராகத் திருப்பி வைத்தார். ரோசிக்கு ஐஸை வீணாக்க மனசில்லை. ஒரு பக்கெட்டில் போட்டு ஃபேனுக்குப் பின்னால் வைத்தாள். அதனால் நல்லதா கெட்டதா என்று மஜீதுக்கே தெரியவில்லை. “கெடக்கட்டும் வுடு,” என்றார்.

மறுபடி போட்டோம். அருளப்பன் அங்கேயே காத்திருந்தான். இந்தத் தடவை ரோசி எதையும் கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.  அவன் இடது உள்ளங்கையை விரித்தான். வலது கையைத் தூக்கினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மிச்சம் இருந்ததை மடக்கினான். முஷ்டி மாதிரி ஒன்று. அதால் உள்ளங்கையில் ஒரு குத்து, இன்னொரு குத்து. பிறகு உதட்டருகே கொண்டுபோய் ஊதினான், விரல்கள் இல்லாத இடத்தில்.

கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி இருக்கிற ஒருவன் ஊதினான். இங்கே அக்காவின் கண் இமை துடித்தது. திரையில் அவன் உதடு குவிந்து கன்னம் உப்பியதுகூட எனக்குத் தெரிந்தது. ஒரு நொடி பிசகவில்லை. யா அல்லா, நகம் அளவு சில்லுக்குள் இத்தனையும் நடக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் கன்னம் நனைந்திருந்தது எனக்கே தெரியவில்லை.

அருளப்பன் கையை மறைக்கப் பார்த்தான். ரோசி திரையை விரலால் தட்டினாள், இரு என்று. தன் வலது கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மறைத்து மடக்கினாள். இரண்டு குத்து, ஒரு ஊதல். அவன் செய்தது எப்படியோ அப்படியே. அவன் பார்த்தான். முகம் கோணியது, பிறகு சிரித்தான். அதற்குமேல் இரண்டு பேரும் பேசின பேச்சுக்கு அளவே இல்லை. என்னால் பாதிகூடப் பின்தொடர முடியவில்லை. ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. பொட்டி அணையவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவளைக் கேட்டேன். உனக்குத்தான் பத்து விரலும் இருக்கிறதே, நீ எதற்கு மடக்குகிறாய்? அவள் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பெயர் மாறிவிட்டது என்றாள்.

காசிமேட்டில் இப்போது அவளைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் வரும். அவளைக் கூப்பிட நானும் இரண்டு விரலை மடக்கிக்கொண்டுதான் கூப்பிடுகிறேன்.