ஏழாவது குண்டு எங்கே போனது?

குமுதா முதலில் பார்ப்பது பிள்ளைகளின் கால்களை. செருப்போடு வந்தால் அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தால் அவரே குனிந்து கட்டிவிடுகிறார். கட்டிக்கொண்டே, "விரல் எங்க?" என்று கேட்கிறார். கேட்ட மாத்திரத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஆள்காட்டி விரலை விறைப்பாக நீட்டிக் காட்டுகிறார்கள். சுடும் நேரம் தவிர அந்த விரல் விசைப் பக்கமே போகக்கூடாது.

ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு கிளப்பில் சனிக்கிழமைதோறும் நடக்கிற காட்சி இது. வார நாட்களில் குமுதா பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மின்பலகைகளின் பற்றவைப்புகளைச் சோதிக்கிறார். வயது நாற்பத்தாறு. சனிக்கிழமை விடிந்தால் சுங்கை பாக்காப்பிலிருந்து பழைய மைவி காரில் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வந்துவிடுவார், பிள்ளைகளுக்குக் காற்றுத் துப்பாக்கி சொல்லித்தர.

வேடிக்கை பார்க்கப் போன நான் பட்டாசுக்கே ஒதுங்குகிற ரகம். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். சோடா மூடி திறக்கிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. "அண்ணே, மொதல்ல செவப்புக் கோட்டுக்குப் பின்னால போங்க. காத அப்புறம் பொத்திக்கலாம்" என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் என் மானம் கப்பலேறியது.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் மாதம் குண்டே கிடையாது. காலிக் குண்டு டப்பாவின் மூடியைத் துப்பாக்கிக் குழல்மேல் வைத்து, அது விழாமல் விசையை அமுக்க வேண்டும். "பெலான் பெலான்லா, மெதுவா. பஸ் ஒண்ணும் போயிடாது." மூடி விழுந்தால் திட்டு இல்லை. குமுதா எடுத்து மறுபடி வைப்பார், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு இருபத்திரண்டு தடவை வைத்ததை நானே எண்ணினேன். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

குண்டு கைக்கு வந்த பிறகுதான் அவருடைய பெரிய வழக்கம் தொடங்குகிறது. சுட்டதும் யாரும் குறி அட்டையைப் பார்க்கக் கூடாது. "பாக்காத. எங்க போச்சு, சொல்லு." பிள்ளை சொல்வதை நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். பத்து குண்டும் முடிந்து அட்டை கைக்கு வந்த பிறகு, சரிபார்த்து மதிப்பெண்ணைப் பேனாவால் எழுதுகிறார். அந்த நீலப் பேனாவை வேறு யாரும் தொட முடியாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கேட்ட எனக்கும் பென்சில்தான் கிடைத்தது.

"எங்க போச்சுன்னு தெரிஞ்சாத்தானே அண்ணே அடுத்தத திருத்த முடியும்? கார்டு அப்புறம் பேசட்டும்."

இதில் அவரை அதிகம் சோதித்தவள் நஸீஹா. பத்து வயது. நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் கமாலுதீனின் மகள். எங்கே போச்சு என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில், "நடுவுல டீச்சர்." அட்டையில் ஓட்டை ஓரமாக இருக்கும். குமுதா பென்சிலில் 'நடு' என்று எழுதி, பக்கத்தில் பேனாவால் 'நான்கு' என்று எழுதுவார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

போன சனிக்கிழமை மாநிலப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். இருந்தது ஒரே இடம். இர்வான் என்ற பையன் எண்பத்தொன்று எடுத்து முன்னால் நின்றான். கடைசியாகச் சுட்டவள் நஸீஹா. ஆறு குண்டு அருமையாகப் போயிற்று. ஏழாவதுக்கு அவள் முகம் சுருங்கியது.

"வெளிய போய்ருச்சு டீச்சர். கார்டுலயே படல."

குமுதா தலைநிமிராமல் குறித்துக்கொண்டார்.

அட்டை வந்தது. ஒன்பதே ஓட்டைகள், கூட்டினால் எழுபத்தொன்பது. ஆனால் நடுவில் இருந்த ஓட்டை கொஞ்சம் கிழிந்து பெரிதாக இருந்தது. கமாலுதீன் சிவப்புக் கோட்டுக்குப் பின்னாலிருந்தே பாய்ந்தார்.

"அக்கா, நல்லாப் பாருங்க! ஒரே ஓட்டைல ரெண்டு போயிருக்குலா! புள்ள பயத்துல ஒளறிட்டா."

அப்படி நடப்பதும் உண்டுதான். நடுவுக்குப் பத்து மதிப்பெண்; இரண்டு என்று கொண்டால் எண்பத்தொன்பது, இடம் அவளுக்கு. அட்டைக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியில் நூற்றுக்கணக்கான குண்டுகள் கிடந்தன. ஏழாவது எது என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அது இரண்டாக இருக்கட்டும் என்றுதான் ஆசை.

"அண்ணே, கார்ட விடுங்க. நான் புள்ளய கேக்கறேன்." குமுதா அவள் உயரத்துக்குக் குனிந்தார். "ஏழாவது எங்க போச்சும்மா?"

நஸீஹா தகப்பன் முகத்தைப் பார்த்தாள். கிழிந்த ஓட்டையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, குரல் மட்டும் உடையவில்லை.

"வெளியதான் டீச்சர். விரல் முந்திருச்சு."

கமாலுதீன் மகளின் தலையில் கையை வைத்தார். இடம் இர்வானுக்குப் போயிற்று.

குமுதா நோட்டை மேசையில் விரித்து, ஏழாவது கட்டத்தைக் காட்டினார். சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவை மூடி கழற்றி அவளிடம் நீட்டினார்.

நஸீஹா நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டம் நிறைய ஒரு பூஜ்யம் போட்டாள். குமுதா பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.