காளிக்குக் கட்டிய கைகள்

ஏரல் வன்னியராஜ் வருசம் தவறாமல் குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேசம் போடுகிற ஆள். கூடுதல் கைகளை அட்டையில் வெட்டி, கட்டுக்கம்பியால் தானே முறுக்கிக்கொள்வார். அடுத்தவர் கட்டினால் ஆகாது, அப்படியொரு வீம்பு. சினைமாடு நல்லபடியாக ஈன்றதற்காக இந்த வருசம் நேர்த்தி செலுத்தினார். ஊர் திரும்பியதும் வைக்கோல் படப்பின் அருகில் உட்கார்ந்து, கைகளைக் கட்டியிருந்த கம்பியை நறுக்கிப் பிரித்துப் போட்டார்.

ஐப்பசியில் மாடு தீனியைத் தொடவில்லை. முதுகைக் கூனி நின்றது. கன்று மடிக்கு வந்தால் உதைத்தது.

கால்நடை டாக்டர் சபீதா வந்து பார்த்தார். தீனியோடு தின்ற கம்பி ஒன்று இரைப்பைச் சுவரில் குத்தி நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் இருதயம் என்றார். விரல் நீளக் காந்தம் ஒன்றைத் தொண்டைக்குள் இறக்கினார். காந்தத்தை நோக்கி நீட்டுவாக்கில் நிற்கிற கம்பியை அது இழுத்துவிடும், குறுக்காக மாட்டியது லேசில் வராது, சுவரைத் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

கம்பி எப்படி வந்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்றார் வன்னியராஜ். வாய் கூசியது. மனைவி ஆவுடைத்தாயோ, வீடு கட்டுகிற பக்கத்து வீட்டுக்காரனை ஏசத் தொடங்கினாள். அதையும் அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கம்பி இருதயப் பக்கம் போகாமலிருக்க, டாக்டர் சொன்னபடி முன்னங்காலுக்கு மண்மேடு போட்டு மாட்டை ஏற்றிக் கட்டினார். அது முனகும்போதெல்லாம் எழுந்து போய்க் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

மறுபடி வந்த டாக்டர், தான் தொழுகைக்குத் திசை பார்க்கும் காம்பஸை மாட்டின் இடது முழங்கைக்குப் பின்னால் பிடித்தார். முள் அசையவில்லை. பைய கீழே இறக்கினார். முள் வெடுக்கென்று திரும்பியது.

"காந்தம் சரியான எடத்துல இருக்கு, அண்ணாச்சி. கம்பி ஒட்டுச்சான்னு மாடுதான் காட்டணும்."

ஆவுடைத்தாய் மறுபடியும் பக்கத்து வீட்டை ஏச ஆரம்பித்தாள். வன்னியராஜுக்குப் பொறுக்கவில்லை.

"அவன ஏசாத. அது அம்மனுக்கு நான் கட்டுன கம்பி."

அவள் அவரைப் பார்த்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து மாடு அகத்திக்கீரையை இழுத்துக் கடித்தது. கன்று முட்டியபோது உதைக்காமல் நின்றது. வன்னியராஜ் தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அன்றைக்கே பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு படப்புக்குப் போனார். பிடி பிடியாக வைக்கோலை உதறி, காந்தத்தை மேலே காட்டினார். கம்பித் துணுக்குகள் தாவி வந்து ஒட்டி, முள்முள்ளாய்ச் சிலிர்த்து நின்றன. இத்தனையா என்று காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆவுடைத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடுத்த பிடியை எடுத்து உதறினாள்.