பிரதிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று

1952 மார்ச் 11 — 40 ஸ்லோட்டி
1953 அக்டோபர் 2 — 60 ஸ்லோட்டி
1955 ஜனவரி 29 — 60 ஸ்லோட்டி
1957 மே 18 — 150 ஸ்லோட்டி
1960 டிசம்பர் 3 — 300 ஸ்லோட்டி

இவை எங்கள் நகர நாடக அரங்கில் மேடை இயந்திரம் பார்த்த வாலென்டி ட்ரோஸ்தின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட அபராதங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் உண்டு. முதல் வரி, விளக்குக்காரர் ஒருவரின் இரண்டு முன்பற்கள். இரண்டாவது வரி, ரொட்டி வண்டி ஓட்டுநரின் இடது காது. மூன்றாவது வரி, அதே ஓட்டுநரின் வலது காது. நான்காவது, காவலுக்கு வந்த தீயணைப்பு வீரர். மாடிப்படியில் உருட்டி விடப்பட்டதில் அவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. ஐந்தாவது, நடிகர் செவெரின் காவ்லிக்கின் மூக்கு.

வாலென்டி 1917இல் வோலின் பகுதியில் ஒரு தச்சருக்குப் பிறந்தார். 1943 கோடையில் அவர்களுடைய கிராமம் எரிக்கப்பட்டது. அதைப் பற்றி பதினைந்து வருடத்தில் ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினார். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"ரெண்டு நாள் கிணத்துக்குள்ள நின்னேன். இடுப்பு வரைக்கும் தண்ணி. பக்கத்துல எங்கப்பா மெதந்துக்கிட்டு இருந்தாரு. மூணாம் நாள் மேல ஏறி வந்தேன். கிணத்தடியில ஒருத்தன் பூட்ஸ் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். எங்கப்பாவோட பூட்ஸ். கோடாலி பக்கத்துலயே கெடந்துச்சு."

பிறகு எண்ணெய்க் குப்பியை மூடிவைத்தார்.

1946இல் கிழக்கிலிருந்து வந்த ரயில்களில் ஒன்றில் அவரும் எங்கள் ஊரில் இறங்கினார். ஜெர்மானியர்கள் விட்டுப்போன அரங்கில் ஜெர்மானியர்கள் விட்டுப்போன இயந்திரம் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் ஒரு வாரம் அதன் அடியில் படுத்துக்கிடந்து கற்றுக்கொண்டார். கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒரு சிறு அறையைக் கொடுத்தார்கள். வேலையும் அங்கே, வீடும் அங்கே. வேறு போக்கிடம் அவருக்குக் கிடையாது.

நான் மேடை நிர்வாகி. பக்கவாட்டில் என் மேசை. அவர் மேடைத் தரைக்குக் கீழே. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மின்விளக்கு. நான் சிவப்பு போட்டால் தயாராகு, பச்சை போட்டால் தூக்கு.

1960 டிசம்பரில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். காவ்லிக் பெண்களை மேடையில் உண்மையாகவே அடிப்பார். "நெஜமா அடிச்சாத்தான் நெஜமா விழுவா" என்பார். அன்று ஒத்திகையில் நடிகை பொகுமிவா ரெஷ்காவை மோதிரக் கையால் அறைந்தார். உதடு கிழிந்து பல் தெரிந்தது. வாலென்டி கீழேயிருந்து ஏணியில் ஏறி வந்து, நிதானமாக மேடையைக் கடந்து, ஒரே குத்து விட்டார். காவ்லிக்கின் மூக்கு கன்னத்தின் பக்கம் போய்விட்டது.

இயக்குநர் மாதெய் முந்நூறு ஸ்லோட்டி அபராதம் போட்டார். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். இனி எந்த நடிகரோடு எந்தச் சண்டை வந்தாலும், யார் மேல் தவறு என்றாலும், அன்றே அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. வாலென்டி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

1961 பிப்ரவரி 18 அன்று 'ஆலைக்காரன் மனைவி' அரங்கேறியது. மாதெய் எழுதிய பேய் நாடகம். ஆலைக்காரன் மனைவியைக் கோடாலியால் வெட்டி மாவுக் கிடங்கின் தரைக்கடியில் புதைக்கிறான். மூன்றாம் அங்கத்தில் அவள் தரையைப் பிளந்துகொண்டு எழுந்து வந்து அவன் கழுத்தை நெரிக்கிறாள். ஆலைக்காரன் காவ்லிக். பேய் பொகுமிவா. பேயைத் தூக்கி விடுபவர் வாலென்டி.

தூக்கும் முறை இதுதான். மேடைத் தரையில் ஒரு சதுரக் கதவு. அதன் நேர் கீழே ஒரு பலகை. பொகுமிவா அதன்மேல் நிற்பாள். வாலென்டி கைச்சக்கரத்தைச் சுற்றினால் பலகை இரண்டு மீட்டர் அறுபது உயரம் ஏறும். உச்சிக்கு வந்ததும் வலது கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால், பலகையை அங்கேயே நிறுத்தும் தாழ்க்கட்டையைத் தள்ள வேண்டும். சக்கரம் பின்னால் சுழலாமல் தடுக்கும் பல் 1959இலேயே உடைந்திருந்தது. மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினோம். ஆகவே அந்த ஒரு கணம் முழு எடையும் அவருடைய வலது கையில்.

மார்ச் 18, சனிக்கிழமை. நாடகத்தின் ஒன்பதாவது ஆட்டம். அரங்கில் 214 பேர். காவ்லிக் குடித்திருந்தார். இரண்டாம் அங்கத்தில் இரண்டு இடத்தில் வசனம் மறந்தார். பக்கத்திரை ஓரம் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் லெயோகாடியா பிட்டெல், முதலில் மெதுவாகச் சொன்னார். காவ்லிக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது முறை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. முன்வரிசையில் சிரித்தார்கள்.

திரை விழுந்ததும் காவ்லிக் நேராக அவரிடம் வந்தார்.

"என்ன கிழவி, ஊருக்கே கேக்குற மாதிரி கத்துற? நீ நடிக்கிறியா, நான் நடிக்கிறனா?"

"நீங்க நடிச்சா நான் ஏன் கத்தப்போறேன், செவெரின் ஐயா?"

காவ்லிக் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். நாடகப் பிரதி கையிலிருந்து பறந்து, அடுத்த அங்கத்துக்காகத் திறந்து வைத்திருந்த சதுரக் கதவு வழியாகக் கீழே விழுந்தது.

எங்கள் நாட்டு நாடகக்காரர்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. பிரதி தரையில் விழுந்தால், எடுப்பதற்கு முன் அதைக் காலால் மிதிக்க வேண்டும். தவறவிட்டவரே மிதிப்பது நல்லது. மிதிக்காமல் எடுத்தால் அன்றைய ஆட்டம் கெடும். சாமி நம்பிக்கை இல்லாதவரும் இதை மீறமாட்டார். வாலென்டி கீழேயிருந்து கத்தினார்.

"யாரும் தொடாதீங்க. போட்டவன் எறங்கி வந்து மிதிக்கட்டும்."

காவ்லிக் சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். பின்னாலேயே லெயோகாடியாவும் போனார். தாள்கள் சிதறிக் கிடந்தன. ஒரே மிதியில் முடியட்டும் என்று வாலென்டி மண்டியிட்டு, எதையும் தரையிலிருந்து தூக்காமல், தள்ளித் தள்ளி ஒன்றாகச் சேர்த்தார். தாள்கள் விலகாதிருக்க வலது உள்ளங்கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டார்.

"மிதி."

காவ்லிக் காலில் ஆலைக்காரனின் பூட்ஸ். மரத்தரையில் சத்தம் வருவதற்காக அதன் குதிகாலுக்கு இரும்பு லாடம் அடித்திருந்தோம். அவர் குதிகாலைத் தூக்கி வாலென்டியின் கைமேல் இறக்கினார். பிறகு மறுபடி தூக்கி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து இறக்கித் திருகினார்.

"பிரதிக்கு ஒண்ணு. மூக்குக்கு ஒண்ணு. கணக்கு தீந்துச்சா?"

வாலென்டி எழுந்து நின்றார். இடது கை முஷ்டியாகி விட்டது என்று லெயோகாடியா பின்னர் சொன்னார். காவ்லிக் முகத்தை முன்னால் நீட்டினார்.

"அடி பாக்கலாம். அடிச்சுட்டு அறைய காலி பண்ணு. வெளிய நல்ல பனி."

வாலென்டி அடிக்கவில்லை. காவ்லிக் ஏணியில் ஏறி வந்து, என்னைக் கடந்து ஒப்பனை அறைக்குப் போனார். லெயோகாடியா கிசுகிசுத்தார்.

"கையக் காட்டுங்க. ஐயோ, எலும்பு வெளிய வந்திருக்கு. நான் போய்ச் சொல்றேன், ஆட்டத்த நிறுத்தச் சொல்றேன்."

"வாய மூடிட்டு மேல போ, லெயோகாடியா. சண்டைன்னு ஒரு வார்த்த வெளிய வந்தா எனக்குத் தெருதான். ஒரு நிமிஷ வேல. பிடிச்சுடுவேன். சத்தியம் பண்ணு."

அவர் சத்தியம் செய்தார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் மேலேயிருந்து குனிந்து கேட்டேன்: "மிதிச்சாச்சா?"

"மிதிச்சாச்சு" என்றார் வாலென்டி.

காட்சி அறிக்கையில் வழக்கம்போல எழுதினேன்: '20.09. பிரதி விழுந்தது. மிதிக்கப்பட்டது.'

20.51க்குப் பச்சை விளக்கைப் போட்டேன். காற்று இயந்திரம் ஊளையிட்டது, முரசு அடித்தது. பலகை ஏறியது. பொகுமிவா மாவு பூசிய முகத்தோடு, வசனம் பேசிக்கொண்டே இடுப்பளவு எழுந்தாள், முழங்கால் அளவு எழுந்தாள், பாதம் வரை வந்தாள். வலது காலைத் தூக்கி மேடையில் வைக்கும் நேரம் பலகை போயிற்று. இடது கால் பலகையோடு கீழே போக, வலது முழங்கால் கதவின் இரும்பு விளிம்பில் மாட்டி மறுபக்கமாக மடங்கியது. அந்தச் சத்தம் முரசை மீறிக் கேட்டது. பிறகு அவள் முழுதாக உள்ளே விழுந்தாள். சக்கரம் பின்னோக்கிச் சுழன்று அதன் கைப்பிடி வாலென்டியின் தாடையையும் ஏற்கெனவே உடைந்த கையையும் அடித்து நொறுக்கியது.

அவள் அலறல் கீழேயிருந்து வந்தது. பேயின் அலறல் என்று நினைத்து 214 பேரும் கைதட்டினார்கள். நான் திரையை இறக்குவதற்குள் இரண்டு முறை தட்டிவிட்டார்கள்.

பொகுமிவாவின் வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது.

ஜூன் 12 அன்று விசாரணை. குடித்துவிட்டுச் சக்கரத்தைக் கைவிட்டார் என்று வாலென்டி மேல் வழக்கு. கை உடைந்தது சக்கரம் அடித்ததால் என்று மருத்துவர் எழுதியிருந்தார். சக்கரம் பழுது என்று தீர்ப்பானால் வேலையும் அறையும் இருக்கும் என்று மாதெய் சொல்லியிருந்தார். அதை நம்பி வாலென்டி காவ்லிக்கின் பெயரையே எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கை நழுவுறதுக்கு முன்னாடி 'குதி'ன்னு கத்தினேன். அந்தம்மா மேடைக்குத் தாவியிருக்கலாம். நேரம் இருந்துச்சு."

யாருக்கும் கேட்கவில்லை. காற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பொகுமிவா மருத்துவமனையிலிருந்து எதுவும் ஞாபகம் இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தாள்.

நீதிபதி என் அறிக்கையை வாசித்தார்.

"'மிதிக்கப்பட்டது.' இது என்ன?"

நான் விளக்கினேன். கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

"யார் மிதிச்சது?"

காவ்லிக் எழுந்து தலைகுனிந்து சொன்னார்: "நான்தாங்க. காகிதத்த."

லெயோகாடியா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாலென்டிக்கு இரண்டு வருடச் சிறைத் தண்டனை.

அன்று மாலை லெயோகாடியா என் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னார். "சத்தியம் பண்ணிட்டேனே, சத்தியம் பண்ணிட்டேனே" என்று சுவரில் தலையை முட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, விஷயம் கேள்விப்பட்ட அரங்கத் தச்சர்கள் மூன்று பேர் காவ்லிக்கை அரங்கின் பின்முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். கையில் ஆளுக்கொரு மரச்சட்டம். நான்கு விலா எலும்புகள், ஒரு முழங்கை. அவர் என்னைப் பார்த்து, "சொல்லுங்கய்யா, இவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். நான் வாசலில்தான் நின்றேன். தடுக்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளின் அறிக்கையில் இது இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மேல்முறையீட்டில் நானும் லெயோகாடியாவும் சாட்சி சொன்னோம். 'மிதிக்கப்பட்டது' என்ற சொல்லை நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: 'செவெரின் காவ்லிக்கால், வாலென்டி ட்ரோஸ்தின் வலது கைமேல், இரண்டு முறை.' நீதிமன்றம் எங்களை முழுவதும் நம்பியது. 1962 ஜனவரி 29 அன்று வந்த தீர்ப்பு, குடி என்ற குற்றச்சாட்டை நீக்கியது. காவ்லிக்குக்கு எட்டு மாதச் சிறை. ஆனால் வாலென்டியின் இரண்டு வருடம் அப்படியே நின்றது. கை உடைந்தது தெரிந்தே, யாரிடமும் சொல்லாமல், ஓர் உயிரைத் தூக்கியவர் முன்னைவிடக் கூடுதலாகவே குற்றவாளி என்றது நீதிமன்றம். எச்சரித்ததாகச் சொல்வதற்குச் சாட்சி இல்லை.

சிறையில் போய்ப் பார்த்தேன். கை ஒரு வேர்க்கட்டைபோல முறுக்கியிருந்தது.

"நாங்க நல்லது பண்றதா நெனச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அந்தக் கையோட நான் பிடிச்சிருக்கக் கூடாது" என்றார். பிறகு கேட்டார்: "நான் கத்தினது நெஜம். அதையாவது நீங்க நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்றேன். என் முகத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். நான் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 3 அன்று பட்டறையில் இன்னொரு கைதி அவரைத் உளியால் கழுத்தில் குத்தினான். ரொட்டித் துண்டு ஒன்றுக்காக என்று சொன்னார்கள். அவர் இடது கையால் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டே செத்தார். பிடியை விடுவிக்க இரண்டு காவலர்கள் தேவைப்பட்டார்கள்.

அதன் பிறகு ஒரு கடிதம் வந்தது. உறையில் வாலென்டியின் பெயரும் அரங்கின் முகவரியும் இருந்தன. வேறு யாரும் இல்லாததால் நான் பிரித்தேன். பொகுமிவா எழுதியிருந்தாள்.

'ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். நீங்கள் "குதி" என்று கத்தியது நன்றாகக் கேட்டது. இன்னும் அரை வரி வசனம் பாக்கி இருந்தது. முடித்துவிட்டுக் குதிக்கலாம் என்று நின்றேன். ஒரு காலோடு இருப்பவள் இதை எப்படி வெளியில் சொல்வாள்? இப்போது சொல்கிறேன். நீதிமன்றத்துக்கும் எழுதுகிறேன்.'

கடிதம் வந்த தேதி: 1962 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை.