வரிசையில் ஒரு தொப்பி அதிகம்

என் அக்காவை நம்பி எத்தனையோ பேர் பிள்ளைகளை அனுப்பினார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் பதினோரு வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. கோடை விடுமுறை விட்டால் அதே பள்ளியில் நடக்கும் பகல் முகாமுக்குப் போய்விடுவாள். யாருக்கு மூக்கு ஒழுகும், யார் கடிப்பான், யாருக்கு பஸ்ஸில் வாந்தி வரும், எல்லாம் அத்துப்படி. பெயர்தான் வாயில் நிற்காது. வாலு, அழுமூஞ்சி, மௌனச்சாமி என்று அவளாகவே ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவாள். வீட்டிலும் அதிகாரம்தான். எனக்கு நாற்பது நெருங்குகிறது, இன்னும் "முகத்தைத் துடைடி" என்பாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஒவ்வொரு கோடையிலும் அண்ணன் குடும்பமும், நானும் என் மகளும் அக்கா வீட்டில் கூடுவோம். ஒரு வாரத்துக்கு ஒரே கூத்தும் கும்மாளமும்தான். அந்த வருடம் நாங்கள் போய் இறங்கிய அன்றுதான் முகாமின் கடைசி நாள். பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அண்ணன் ஏணியில் ஏறிக் கூடத்தில் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். அலமாரியில் கிடந்த முகாமின் மஞ்சள் தொப்பி ஒன்றை என் ஆறு வயது மகள் மாட்டிக்கொண்டு, "பெரியம்மாகிட்ட போகணும்" என்று நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் அக்காவின் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குளத்துக்கே போனேன்.

அங்கே பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு, அரைத் தூக்கத்தில், பஸ் வாசலில் வரிசை. அக்கா ஒவ்வொரு தொப்பியாகத் தட்டி எண்ணி ஏற்றினாள். எனக்குத்தான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே! மகள் மேல் ஒரு துண்டைப் போட்டு வரிசையில் செருகிவிட்டேன்.

"பெரியம்மாவுக்குத் தெரியாம ஏறிக்கோ. இறங்கறப்ப பயமுறுத்து," என்றேன்.

அக்கா தொப்பியைத் தட்டினாள், குனிந்து முகத்தைப் பார்க்கவில்லை. "இருபத்தெட்டு. எல்லாரும் வந்தாச்சு, எடுங்கண்ணே," என்று டிரைவரிடம் சொன்னாள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பஸ்ஸுக்கு முன்பே பள்ளி வாசலுக்குப் போய்விட்டேன். மகள் குதித்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, "பெரியம்மா, ஏமாந்தீங்களா!" என்று கத்தினாள்.

அக்கா சிரிக்கவில்லை.

"இவ எப்படிடி பஸ்ல வந்தா?"

"நான்தான்க்கா, சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"அப்ப ஒண்ணு குறையுது."

அதற்குப் பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அக்கா ஓடி ஓடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "மௌனச்சாமி இல்லடி. ஐயோ, அது வாய் விட்டுக் கூப்பிடக்கூட செய்யாதே!"

முகாமின் தலைமை மேடம் ஓடி வந்தார். ஒரு பிள்ளை குளத்திலேயே நின்றுவிட்டது என்று அக்கா ஒரே மூச்சில் சொன்னாள். மேடம் போன் போட்டார். அங்கே யாரும் எடுக்கவில்லை. மகளை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். என் தோளில் அவள் விரல்கள் அழுந்தின. "தண்ணிப் பக்கம் போயிருக்கக் கூடாது, தண்ணிப் பக்கம் போயிருக்கக் கூடாது," என்று காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். நல்லவேளை, நம் பிள்ளை பத்திரம் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

குளத்தின் வாசல் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. தண்ணீரின் நடுவே ஒரு மஞ்சள் தொப்பி மிதந்தது.

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. கட்டிய புடவையோடு குதித்தாள். கழுத்தளவுத் தண்ணீரில் மூச்சு முட்ட, இரண்டு கையாலும் துழாவினாள். "அம்மாடி, எங்கேடா இருக்கே," என்று கதறினாள். நான் கரையில் நின்று அலறினேன். தொப்பி அவள் கைக்கு வந்தது, அடியில் எதுவும் இல்லை. மறுபடியும் முங்கித் துழாவினாள்.

உடை மாற்றும் அறையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். அந்தப் பிள்ளை பெஞ்சுக்கு அடியில் குப்புறப் படுத்து, தொலைந்த ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இங்க இருக்காக்கா!"

அக்கா சொட்டச் சொட்ட வந்து, பிள்ளையை அள்ளி அணைத்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

திரும்பி வந்தபோது பிள்ளையின் அம்மா பள்ளி வாசலில் நின்றிருந்தாள். மகளைப் பிடுங்கி மார்போடு இறுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டும் ஏறியாச்சுன்னு டிரைவர்கிட்ட சொன்னீங்களாமே, எப்படி?" என்று கேட்டார் மேடம்.

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லியிருக்க வேண்டும். 'என் வேலைதான் மேடம்', மூன்றே வார்த்தை. குனிந்து என் மகளின் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"நான்தான் சரியா எண்ணலை," என்றாள் அக்கா.

"பள்ளி திறந்தாலும் இனிமே பஸ்ஸுக்கு நீங்க வர வேண்டாம்," என்றார் மேடம்.

வீட்டில் தோரணமெல்லாம் கட்டி முடித்திருந்தான் அண்ணன். அக்கா புடவை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு இந்தத் தடவை லீவு ஜாஸ்தி," என்றாள் எல்லோரிடமும். "இனிமே முழுக்க உங்க கூடத்தான்."

"அப்படிப் போடு!" என்று கத்தினான் அண்ணன். பிள்ளைகள் துள்ளிக் குதித்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.